மடித்து வைத்த பின்மதியம்

லிஃப்ட் மெக்கானிக்கின் பழைய காரில் கூரையை மடித்துவிட்டால், மேலே எப்போதும் ஒரே ஒரு பின்மதியம்தான் இருக்கும். ஊரில் மழை கொட்டினாலும், வெயில் மண்டையைப் பிளந்தாலும், விளக்கு வைக்கிற நேரமே ஆகிவிட்டாலும், அந்தக் காருக்கு மேலே மட்டும் மழை விட்டுச் சற்று நேரமான ஒரு வானம் நிற்கும். ஓரம் வெளுத்த சில மேகங்கள், உடம்பில் பட்டால் சுடாத வெயில், வட்டமிடும் ஒற்றைப் பருந்து, நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாசம் கொண்ட காற்று. அது அவருக்குக் கல்யாணமான வருடத்துப் பின்மதியம். பல கை மாறி வந்த அந்தக் காரை வாங்கிய அன்று, புது மனைவியை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல் ஊரைச் சுற்றினார். நீரேற்று நிலையத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் வண்டியை நிறுத்தியபோது தலைக்குமேல் இருந்த வானம் அது. இருவரும் வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகும் வானம் இறங்கவில்லை.

முதலில் பயந்தார்கள். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளி அங்கேயே தங்கிவிட்டால் பழகிப்போவதைப்போல, அதுவும் பழகிவிட்டது. மகள் பிறந்த வருடத்து அடைமழையில் குழந்தைத் துணிகளை அந்தக் காரில்தான் உலர்த்தினார்கள். பருந்தைக் காட்டித்தான் அவளுக்குச் சாப்பாடு ஊட்டினார்கள். உலகத்தில் பருந்து என்பது ஒன்றே ஒன்றுதான் என்று பள்ளிக்கூடம் போகும்வரை அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் வேலை, இரவு ஷிஃப்ட், படிப்புச் செலவு என்று காலம் ஓடியது. காரில் துரு ஏறியது. கூரையைத் தாங்கும் கம்பிச் சட்டம் இறுகிப்போய், மூடிய கூரை மூடியபடியே நின்றுவிட்டது. மூடியிருக்கும்போது அது எல்லாக் கார்களையும்போல ஒரு கார்தான். கொட்டகையில் அதன்மேல் பழைய மெத்தையும் உடைந்த நாற்காலியும் ஏறின. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். சீருடை தைக்கும் பட்டறையில் காலமெல்லாம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த மனைவி, வேலையை விட்டு வந்தபோது இளைப்பையும் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவில் எல்லோரும் அவரைத் தையல்காரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வருடம் டாக்டர், வரப்போகும் குளிர்காலத்தில் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, மெக்கானிக்கை மட்டும் தனியே கூப்பிட்டு அதையே இன்னொரு முறை சொன்னார். வீடு திரும்பியதும் தையல்காரம்மா மூச்சு வாங்க வாசற்படியில் உட்கார்ந்து, கொட்டகையைப் பார்த்தார்.

"அந்த வெயில்ல ஒரே ஒரு தடவை உக்காந்துட்டாப் போதும்ங்க. அப்புறம் வர்றது வரட்டும்."

"என்னத்த வர்றது வரட்டும்? வாயைக் கழுவு," என்று சொல்லிவிட்டு அவர் கொட்டகைக்குப் போய் மெத்தையைத் தூக்கி எறிந்தார்.

குளிர் வருவதற்குள் முடித்துவிடவேண்டும் என்று அவர் தமக்குத்தாமே கெடு வைத்துக்கொண்டார். காரைக் கட்டைகளின் மேல் ஏற்றி, எஞ்ஜினைச் சுத்தம் செய்து, பெட்ரோல் ஊற்றி முடுக்கினார். பெரும் உறுமலோடு அது உயிர் பெற்றது. கூடவே கிளம்பிய புகை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போய்த் தையல்காரம்மாவின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இருமல் நின்று அவர் தண்ணீர் குடிப்பதற்குள் மெக்கானிக் தாமே பாதி உயிராகிவிட்டார். மகள் போனில், "எஞ்ஜினைக் கழட்டிட்டுக் கரண்ட் மோட்டார் வைங்கப்பா. புகையே வராது. நீங்க பார்க்காத மோட்டாரா?" என்றாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் ரொம்ப நேரம் ஹலோ ஹலோ என்றாள்.

அவர் பேசாமலிருந்ததற்குக் காரணம் உண்டு. அந்த வானம் எஞ்ஜினில்தான் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. வாழ்நாள் முழுக்க லிஃப்ட் பார்த்தவர். ஏறுவதோ இறங்குவதோ எதுவானாலும், எங்கோ ஒரு மூலையில் அதை இழுக்க ஒரு மோட்டார் இருந்தாகவேண்டும் என்பது அவருடைய வேதம். மேகமும் பருந்தும் மட்டும் சும்மாவா வந்து நிற்கும்? எஞ்ஜினைக் கழற்றினால் வானம் போய்விடும். எஞ்ஜினை விட்டுவைத்தால் அவளால் அந்த வானத்தின் கீழ் உட்கார முடியாது. சில நாட்கள் கொட்டகையில் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "ஆண்டவரே, வானம் போனா போகட்டும். அவ பக்கத்துல உக்காந்து ஊரைச் சுத்தி வந்தா அது போதும்," என்று வேண்டிக்கொண்டு, கப்பி போட்டு எஞ்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தார். குளித்து வந்தவருக்குத் துண்டு போர்த்துவதைப்போல ஒரு போர்வையை அதன்மேல் சுற்றி மூலையில் வைத்தார்.

அப்புறம் வேலை வேகம் பிடித்தது. துருவைச் சுரண்டி, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பழைய வெளிர்பச்சையையே மறுபடி அடித்தார். கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, மோட்டாரை அதோடு பொருத்த லேத் பட்டறையில் ஓர் இரும்புத் தட்டு கடைந்து வாங்கினார். எஞ்ஜின் இருந்த இடத்தில் பாதி பேட்டரியும் டிக்கியில் மீதிப் பேட்டரியும் போயின. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே சார்ஜ் ஏற்றும் இடம் இருந்தது. முன்விளக்குகளின் பழைய கண்ணாடிக்குள் புது எல்.இ.டி. வைத்தார். சீட் பெல்ட் வைத்தார். பிரேக்கை மட்டும் மூன்று விதமாகச் சோதித்தார். அது தொழில் புத்தி.

கூரைத் துணியைத் தைப்பது தையல்காரம்மாவின் பொறுப்பு. பழைய துணியைச் சட்டத்திலிருந்து பிரித்து எடுத்துக் கொடுத்தபோது மெக்கானிக், "அளவுக்குத்தான் இது. எலி கடிச்சது, அளந்துட்டுத் தூக்கிப் போட்டுடு," என்றார். தையல்காரம்மாவுக்குத் துணியைத் தூக்கிப்போட்டுப் பழக்கமில்லை. அவர் அதைத் துவைத்து, தம் தையல் அறையில் கொண்டுவந்து போட்டார். அன்றிலிருந்து அந்த அறையில் விளக்குப் போட வேண்டியிருக்கவில்லை. மூடிய அறைக்குள் மெல்லிய காற்று வீசியது. கண் டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்த டாக்டருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் வேண்டிக்கொண்டார். இருமல்கூட அந்த நாட்களில் அவ்வளவாக இல்லை. புதுக் கூரையைத் தைத்து முடித்ததும், பழையதில் மடிப்பு விழாத, எலி வாய் வைக்காத பகுதிகளை மட்டும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். தெருமுனையில் செருப்பு தைப்பவருக்கு ஒன்று. பழவண்டிக்காரம்மாவுக்கு ஒன்று. பணம் எடுக்கும் எந்திரத்துக்குக் காவலாக வெட்டவெளியில் உட்காரும் வாட்ச்மேனுக்கு ஒன்று. பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைக்குழந்தை படுக்கும் தள்ளுவண்டிக்கு ஒன்று.

மறுநாளிலிருந்தே பழவண்டியின் மேல் மழை பெய்வது நின்றுவிட்டது. செருப்பு தைப்பவர் நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்காமல் ஊசியில் நூல் கோத்தார். ராத்திரி முழுக்க அழுதுகொண்டிருந்த குழந்தை தள்ளுவண்டியில் போட்டதும் வானத்தைப் பார்த்துச் சிரித்தது. பழவண்டிக்காரம்மா விஷயத்தைச் சொல்ல இரண்டு மூன்று முறை கொட்டகைப் பக்கம் வந்தார். காருக்கு அடியிலிருந்து, "நல்லது, நல்லது" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. காருக்கு அடியில் படுத்திருப்பவரிடம் வானத்தைப்பற்றி என்ன பேசுவது என்று அவர் போய்விட்டார்.

குளிருக்குக் கொஞ்சம் முன்னால் வேலை முடிந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் மெக்கானிக் காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். சத்தமே இல்லாமல் வந்ததால் தையல்காரம்மா அது வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஸ்வெட்டர் போட்டு, தலையை நன்றாக மூடி, முன்சீட்டில் அவரை உட்கார வைத்து, கூரையை மடிக்கப் புதிதாக வைத்திருந்த பொத்தானை அழுத்தினார். புதுக் கூரை ஒழுங்காக மடிந்து பின்னால் போனது. மேலே இருந்தது அன்றைக்கான சாம்பல் வானம். தூறல் நேராக இருவர் மடியிலும் விழுந்தது.

"போயிடுச்சு. எஞ்ஜினோட போயிடுச்சு. எனக்குத் தெரியும்."

"போனா போகுதுங்க. வண்டி எவ்வளவு அழகா இருக்கு. ஏங்க, அழறீங்களா?"

"தூறல்."

அப்போதுதான் பழவண்டி தெருவில் திரும்பியது. மழையில் அந்த வண்டி மட்டும் வெயிலில் வந்துகொண்டிருந்தது. மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். பழங்களுக்கு மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. அதன் இடது இறக்கையில் ஒரு இறகு குறைவு. தம் பிள்ளையை அடையாளம் காண்பதுபோல அவருக்கு அது அடையாளம் தெரிந்தது.

விஷயம் விளங்க வெகுநேரம் ஆகவில்லை. வானம் துணியில் இருந்திருக்கிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தவரை அடங்கிக் கிடந்து, தளர்த்தி மடித்தால் வெளியே வந்திருக்கிறது. ஓடாத, சுழலாத, வெறுமனே மடிந்து கிடக்கும் துணியை அவர் ஒருநாளும் கணக்கில் எடுத்ததே இல்லை. தையல்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அடக் கடவுளே! அத்தனை நாளும் அதுக்குள்ளயா உக்காந்து தைச்சேன்? சொட்டு மருந்துன்னுல்ல நெனச்சேன்!"

"உனக்குமா தெரியலை? காத்து வந்திருக்குமே, வாசம் வந்திருக்குமே!"

"வந்துச்சு. பக்கத்துல நீங்க இல்லையே. அதான் அடையாளம் தெரியலை."

மெக்கானிக் உடனே இறங்கினார். கூரைக்குத் தைத்ததுபோக மிச்சமிருந்த புதுத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். நியாயமான பண்டமாற்றுதான். செருப்பு தைப்பவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "உங்களோடதுதானே சார், எடுத்துக்கோங்க," என்று தாமே அவிழ்த்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு தூறல் அவர்மேல் விழ, ஒட்டவைத்துக் காயப்போட்டிருந்த செருப்புகளைப் புகார் ஏதுமில்லாமல் மடியில் எடுத்து வைத்துக் குனிந்து மறைத்துக்கொண்டார். மெக்கானிக் துணியைத் திரும்ப அவருக்குப் பின்னால் தளர்வாகக் கட்டிவிட்டார். வாட்ச்மேன், இந்தத் துணி வந்ததிலிருந்து முழங்கால் வலி விட்டுப்போச்சு என்று சந்தோஷமாக ஆரம்பித்தார். அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை. பழவண்டிக்காரம்மாவிடம் ஒரு பழம் வாங்கிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்குப் போனபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அதன் நெற்றியில் வெயில். ஜாடை காட்டிவிட்டுச் சத்தம் செய்யாமல் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தபோது கக்கத்தில் புதுத் துணியும் இல்லை. அதை யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்.

"கேட்டீங்களா?"

"வாய் வரலைம்மா."

"எனக்குத் தெரியும்," என்று சிரித்த தையல்காரம்மா, "சரி, வண்டியை எடுங்க," என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் கார் அந்தத் தெருவில் ஆள் நடக்கும் வேகத்தில் போய்வந்தது. பழவண்டியைக் கடக்கும்போது தையல்காரம்மாவின் தோளில் கொஞ்சம் வெயில் விழும். வாட்ச்மேனைக் கடக்கும்போது ஒரு மேகம் போகும். செருப்பு தைப்பவரிடம் நின்றால் சுண்ணாம்புச் சுவரின் வாசம் வரும். ஃபிரிட்ஜ் வாங்கின மாதிரி வெயிலும் தவணையில் வருகிறது என்று தையல்காரம்மா சொல்லிச் சிரித்தார்.

டாக்டர் சொன்ன குளிர் சொன்னபடியே வந்தது. தையல்காரம்மா படுக்கையில் விழுந்தார். கார் தெருவுக்கு வருவது நின்றது. மெக்கானிக் கஞ்சி வைத்தார், ஆவி பிடிக்க வைத்தார், வேண்டிக்கொண்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மழைநாளில் பழவண்டிக்காரம்மா தம் துணியை மடித்து எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளோடு வந்து நின்றார். "நாலு நாளா வண்டியைக் காணோமே, அம்மாவுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே, வாசலில் நின்ற காரின் பின்பக்கம் அதைப் போட்டார். அவரைப் பார்த்துச் செருப்பு தைப்பவர் வந்தார். வாட்ச்மேன் நொண்டிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டித் துணியோடு வந்தாள். மெக்கானிக் வந்து கூரையை மடிக்க, துண்டுகள் எல்லாம் அதன்மேல் ஒன்றாகக் கிடந்ததும், பின்மதியம் முழுசாக எழுந்து காருக்கு மேல் நின்றது.

மெக்கானிக் மனைவியைத் தூக்கிவந்து முன்சீட்டில் உட்கார வைத்து, தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார். தையல்காரம்மாவின் முகத்தில் வெயில் பட்டது. நெஞ்சுக்கூட்டின் இழுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மேகங்கள் அந்த மேட்டின்மேல் போன வரிசையிலேயே போயின. கொடுத்தவர்கள் சுற்றிலும் மழையில் நின்றுகொண்டு, காய்கறி விலை ஏறிப்போனதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரம்மாதான் முதலில் கண்ணைத் திறந்தார். "என்னங்க, பச்சைப்பிள்ளை நனையுது. ஏறச் சொல்லுங்க எல்லாரையும்."

"லோடு தாங்காதும்மா. இது நாலு பேர் வண்டி."

"லிஃப்ட்ல போர்டு மாட்டற மாதிரி இங்கயும் மாட்டாதீங்க. ஏய், எல்லாரும் ஏறுங்க!"

ஏறினார்கள். குழந்தை தையல்காரம்மாவின் மடிக்கு வந்தது. கார் நன்றாகக் கீழே அமுங்கியது, ஆனாலும் நகர்ந்தது. கொட்டும் மழையில் ஒரு சொட்டும் படாமல் தெருவைச் சுற்றி வந்தார்கள். பருந்து கூடவே வந்தது.

தையல்காரம்மா அந்தக் குளிரையும், அதற்கு அடுத்து வந்த பல குளிர்களையும் பார்த்தார். வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தத் துணிகள் காருக்கு வரும், மற்ற நாட்களில் அவரவரிடம் இருக்கும். அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை வண்டி வரும் நாளையும் சொல்லும்போதே, ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்துவதானால் காருக்குப் பின்னால் கொடி கட்டிக்கொள்ளலாம் என்பதையும் சொல்லிவிடுகிறார்கள்.