பாதியாரின் மாப்பிள்ளை கேட்ட நேரம்

எங்கள் சூப்பர் கம்ப்யூட்டரில் யாருக்கு எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கும் குழுவின் தலைவரைப் பாதியார் என்போம். எதைக் கேட்டாலும் பாதிதான் தருவார். தும்மல் வந்தால்கூடப் பாதியில் அடக்கி, மீதியை மாலைக்கு வைத்துக்கொள்வார். நான் குழுவில் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரன், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்று தேவையென்றால் நான்காகக் கேட்பார்கள், இரண்டாக வாங்குவார்கள். மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டர் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். எல்லோரும் சந்தோஷமாகப் பொய் சொல்லி வாழ்ந்தோம்.

கெடுத்தது அவருடைய மாப்பிள்ளை. குவாண்டம் வேதியியல்காரர். நடுவில் இரும்பு அணு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய மூலக்கூறில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று எப்படித் தள்ளிக்கொள்கின்றன என்று கணக்குப் போட வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்குள் விடை வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வீடு. இந்தக் கணக்கில் மூலக்கூறு இரண்டு மடங்கு பெருத்தால் நேரம் நூறு மடங்குக்கு மேல் பெருத்துவிடும். அதனால் மற்றவர்கள் வாய்க்கு வந்ததை எழுதுவார்கள். இவர் சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஓட்டிப் பார்த்து, நேரம் எப்படி ஏறுகிறது என்று கோடு போட்டு, தேவையைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார். அதை அப்படியே கேட்கவும் போனார்.

மனைவி தடுத்தாள். “எங்கப்பா குழந்தைக்குச் சொட்டு மருந்தே பாதிதான் ஊத்துவார். ரெண்டு மடங்கா கேளுங்க.”

“பொய் எழுதச் சொல்றியா?”

“பொய் இல்லங்க. எங்கப்பாவுக்குப் புரியற பாஷை.”

இரண்டு மடங்கு கேட்டார். மகள் அதோடு விட்டிருக்கலாம். பாசம் விடவில்லை. சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொன்னாள்: “மத்தவங்க நாலு மடங்கு கேக்கறாங்கப்பா. உங்க மாப்பிள்ளை ரெண்டே மடங்குதான். பாத்துக்கங்க.”

“பாத்துக்கறேம்மா.”

பார்த்துக்கொண்டார். குழுவில் அந்த விண்ணப்பம் வந்ததும், “இதுல பாதி காத்துன்னு என் மகளே சொல்லிட்டா. அதை முதல்ல எடுத்துடறேன். மிச்சத்துல வழக்கம்போல பாதி” என்றார்.

“அப்ப அவருக்கு வேணுங்கறதுல பாதிதானே போகும்?” என்றேன்.

“சொந்தக்காரனுக்கு அள்ளிக் குடுத்தான்னு நாளைக்கு நீங்களே பேசுவீங்க.”

பேசித்தான் இருப்பேன். கையெழுத்துப் போட்டேன்.

நடுவில் கூடுதல் நேரம் கேட்கலாம் என்பது விதி. அந்த நம்பிக்கையில் மாப்பிள்ளை கணக்கைத் தொடங்கினார், பற்றாத மீதியைக் கேட்டார், அதிலும் பாதி வந்தது. கணக்கு முக்கால் தூரத்தில் நின்றது. நின்ற இடத்தைச் சேமித்துவைக்கலாம்தான், ஆனால் சேமிக்கும் இடத்தையும் மாமனார் பாதியாக்கியிருந்தார். பாதி சேமித்த கோப்பு திறக்கவே இல்லை.

“போனாப் போகுது, முக்கால் விடை வந்திருக்குமே மாப்பிள்ளை?” என்றார் மாமனார், அதே சாப்பாட்டு மேசையில்.

“முக்கால் பாலம் மாதிரி மாமா. நீங்க முன்னால நடங்க, நான் பின்னாலயே வர்றேன்.”

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார், பாதி வரை. மகள் சிரிக்கவில்லை. அப்பா பாதி சாப்பிட்டிருந்த தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள்.

ஒப்பந்தம் முடிந்தது, வேலை போனது. சில வாரங்களில் கம்ப்யூட்டரின் ஆண்டுக் கணக்கை முடிக்கும் நேரம் வந்தது. நான்கு மடங்கு கேட்டவர்கள் தொடாமல் போட்டிருந்த நேரம் மலையாகக் கிடந்தது. அதைக் கண்டால் மேலிடம் அடுத்த ஆண்டு எங்களுக்குப் பாதிதான் தரும். பாதியாருக்கு அதை நினைத்தாலே குலை நடுங்கும்.

மாப்பிள்ளை அவர் அறைக்கு வந்து நின்றார். “அந்த மிச்சத்தை எனக்குத் தாங்க மாமா. விடை வந்துட்டா திரும்பச் சேத்துப்பாங்க.”

“வேலையில இல்லாத ஆளுக்கு நேரம் குடுக்க விதி இல்லையே மாப்பிள்ளை” என்றார் பாதியார், நிஜமான வருத்தத்தோடு.

மிச்சத்தைத் தீர்க்க ஒரு நிரல் எழுதினோம். ஒன்றோடு ஒன்றைக் கூட்டும், வந்ததை அழிக்கும், மறுபடி கூட்டும். அது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது.

“வீட்டுல சும்மாதானே இருக்கீங்க” என்று மாமனார் சிபாரிசு செய்தார். அரைநாள் வேலை, அரைச் சம்பளம்.

மாப்பிள்ளை வந்தார். பழக்கம் போகுமா, அந்த நிரலுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுத்தார். பாதியார் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டதை முழுதாகத் தந்தார்.

நிரல் நிற்காமல் ஓடி முடிந்தது. மாப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். விடை இரண்டு என்று வந்தது.

சரிபார்க்கச் சொன்னார் பாதியார். சரிபார்த்தார்.