டபுள் ஒன்றில் ஒரு விசில்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் மனைவி மாவிஸின் கல்லறை மேல் அடித்துச் சத்தியம் செய்கிறேன். மாவிஸ் இன்னும் சாகவில்லை. அடுத்த அறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இடம் வாங்கிக் கல்லும் நட்டாயிற்று. ஆகவே சத்தியம் செல்லும்.

மாவிஸின் தம்பி நெவில் டாஃப்ட். எங்கள் ஊர் ஸ்டோக்கில் கழிப்பறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பலகையில் அம்பெறியும் டார்ட்ஸ் ஆட்டமே இனி என் தொழில் என்று கிளம்பியவன். கிளம்பினவன் சும்மா கிளம்பவில்லை. அப்போதுதான் வார்த்தெடுத்த ஈரக் கழிப்பறைக் கோப்பை ஒன்றின் உட்புறத்தில் மேஸ்திரியின் பெயரை விரலால் அழகாக எழுதி, சூளைக்குள் அனுப்பிவிட்டு வந்தான். அது வெந்து, பளபளவென்று வெளியே வந்தது. மேஸ்திரி அதை உடைக்கவில்லை. தன் அறையில் வைத்துக்கொண்டார். "நெவில் ஒருநாள் வருவான். வந்ததும் இதைத் தேய்ச்சுக் கழுவறதுதான் அவனுக்கு முதல் வேலை" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. டார்ட்ஸில் பிழைக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் என்கிற ஓர் அட்டை வேண்டும். உலகப் போட்டி முடியும்போது தரவரிசையில் முதல் அறுபத்து நாலு பேரிடம் அட்டை தங்கும். நெவில் அறுபத்தைந்தாவது. முதல் சுற்றில் ஜெயித்தால் உள்ளே; தோற்றால் மேஸ்திரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெவில் பிறவிச் சந்தேகி. ராத்திரியில் யாராவது சுரண்டியிருப்பார்களோ என்று தினமும் காலையில் தன் மூன்று அம்புகளையும் தராசில் நிறுத்துப் பார்ப்பான். நாயை நடத்திக் கூட்டிப்போகும்போதுகூட அதை முன்னால் விட்டு அவன் பின்னால்தான் போவான். அப்படிப்பட்டவன் அம்புப்பெட்டியைத் தூக்க என்னை நம்பினான் என்றால், அது எனக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் மாதம், மதிய ஆட்டம். லண்டனில் குன்றின் மேல், உலகப் போட்டி நடக்கும் அரண்மனைக்குள் மூவாயிரம் பேர். அங்கே வருகிறவர்கள் மேஜைக்கு ஒரு வேஷம் போட்டுக்கொண்டு வருவது வழக்கம். ஒரு மேஜை முழுக்கப் பென்குயின். ஒரு மேஜை வாழைப்பழம். ஒரு மேஜையில் பன்னிரண்டு கன்னியாஸ்திரிகள், பன்னிரண்டு பேருக்கும் தாடி. எல்லார் முன்னாலும் குடம் குடமாக பீர்.

எதிராளி ஒரு டச்சுக்காரன். வீபெ ஹூக்ஸ்ட்ரா என்று பெயர். ஆறடி நாலங்குலம். வாயில் ஏதோ கறுப்பு மிட்டாய். நெவிலைப் பார்த்துச் சிரித்து, "நல்லா ஆடுங்க" என்றான்.

நெவில் என் காதோரம் வந்தான். "மச்சான், பாத்தியா? சிரிக்கிறான்."

"மரியாதைக்குச் சிரிக்கிறாம்ப்பா."

"மரியாதைக்கு ஒரு தடவை சிரிப்பான். இவன் ரெண்டு தடவை சிரிச்சான். ரெண்டாவது எதுக்கு?"

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: ஒரு முறைக்கு மூன்று அம்பு, ஐந்நூற்று ஒன்றிலிருந்து கழித்துக்கொண்டே வரவேண்டும், கடைசி அம்பு பலகையின் விளிம்பிலிருக்கும் டபுள் வளையத்தில் விழுந்து கணக்கு சரியாகப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அந்த வளையத்தில் விழுந்தால் எண் இரட்டிப்பு; அதன் அகலம் சுண்டுவிரல் நகம். எல்லாச் சங்கடமும் அங்கேதான்.

நெவில் பிரமாதமாக ஆரம்பித்தான். முதல் ஆட்டத்திலேயே மூன்று அம்பில் நூற்றெண்பது, அதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. கூட்டம் மேஜை மேல் ஏறி நின்று பாடியது. முப்பத்திரண்டு பாக்கி. டபுள் பதினாறு. கையை உயர்த்தினான்.

வீய்ய்ங்.

சன்னமான ஒரு விசில். அம்பு வளையத்தைத் தாண்டி விழுந்தது. நெவில் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். மறுபடி உயர்த்தினான். வீய்ய்ங். மறுபடி தப்பு. மேடையில் நின்ற நடுவர் ராய்ஸ்டன், முப்பது வருஷம் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தவர் போன்ற முகம், ஒலிபெருக்கியில் சொன்னார்: "எறியும்போது யாரும் விசிலடிக்காதீர்கள். நன்றி."

மற்ற நேரங்களில் விசில் இல்லை. பெரிய எண்களுக்கு எறியும்போது கோயில் மாதிரி அமைதி. டபுளுக்கு எறியும்போது மட்டும் விசில். டச்சுக்காரன் டபுளுக்கு எறிந்தால் அதுவும் இல்லை. இது தற்செயலா? நீங்களே சொல்லுங்கள். நானும் அந்த மிட்டாய்க்காரனைத்தான் சந்தேகப்பட்டேன். வாயில் மிட்டாயை வைத்துக்கொண்டு வாயசைக்காமல் விசிலடிக்கிற வித்தை ஹாலந்தில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்களோ என்னவோ.

மூன்று ஆட்டம் ஜெயித்தால் ஒரு செட், மூன்று செட் எடுத்தவனுக்கு வெற்றி. முதல் செட் முடிந்து இடைவேளை விட்டபோது, காவலுக்கு நின்ற டெல்ராய் என்னிடம் வந்தான். லண்டன்காரன். கதவை அடைக்கிற உடம்பு.

"பெரியவரே, விசிலடிச்சது யாருன்னு பாத்தீங்களா?"

"தெரியலையே, வாத்து" என்றேன்.

எங்கள் ஸ்டோக்கில் யாரையும் 'வாத்து' என்றுதான் கூப்பிடுவோம். ஆணோ பெண்ணோ, பாதிரியாரோ போலீஸ்காரரோ, எல்லாரும் வாத்துதான். கழுத்தைப் பிடித்து நெரிக்கும்போதுகூட "மன்னிச்சுக்க வாத்து" என்றுதான் நெரிப்போம். லண்டன்காரனுக்கு இது தெரியாது. டெல்ராய் தலையை ஆட்டிக்கொண்டு நேராகப் போனான். ஏழாம் மேஜையில் மஞ்சள் வாத்து வேஷம் போட்ட பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினாலு பேரையும் எழுப்பினான்.

"நாங்க இல்லண்ணே! எங்க மூக்கைப் பாருங்க, அலகு கட்டியிருக்கு! இதை வெச்சுக்கிட்டு எப்படி விசிலடிக்கிறது?"

"வெளிய போய் அடிச்சுக் காட்டுங்க."

பெரிய வாத்து கதவருகில் நின்று திரும்பியது. "அந்தக் கன்னியாஸ்திரிங்களைக் கேளுங்க! ரெண்டு மணியிலேர்ந்து அவங்க மூஞ்சியே சரியில்லை!"

அவ்வளவுதான். அதிலிருந்து பற்றியது நெருப்பு.

இரண்டாவது செட். டபுள். வீய்ய்ங். கன்னியாஸ்திரிகள் வெளியே. போகும்போது தலைமைக் கன்னியாஸ்திரி தாடியைத் தடவிக்கொண்டு, "கர்த்தர் பாக்கிறார். பென்குயின் மேஜையில மூணாவது ஆளு. எனக்குக் கோள் சொல்ற பழக்கம் இல்லை, சொல்லிட்டேன்" என்றார். பென்குயின்கள் போயின. போகிற வழியில் வாழைப்பழங்களைக் காட்டிவிட்டுப் போயின. வாழைப்பழங்கள் தங்களுக்குள்ளேயே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒன்றையொன்று காட்டிக்கொடுத்தன. ஓர் உதட்டைப் பார்த்தால் இன்னோர் உதட்டுக்குச் சந்தேகம். நண்பன் நண்பன் வாயில் விரலை வைத்துப் பார்த்தான். புதுமணத் தம்பதி ஒன்று, பளபளப்பு மங்காத மோதிரத்தோடு, தனித்தனிக் கதவு வழியாகப் போயிற்று.

நாலு செட் முடிந்து இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது மண்டபத்தில் நாற்பது பேர்தான் பாக்கி. ஐந்தாவது செட்டின் கடைசி ஆட்டம் வந்தபோது நாலே பேர்: நெவில், டச்சுக்காரன், நடுவர், நான். டெல்ராய் தன்னைத்தானே சந்தேகப்பட்டு வெளியே போய்விட்டான்.

நெவிலுக்கு முப்பத்திரண்டு பாக்கி. டபுள் பதினாறுக்கு எறிந்தான். வீய்ய்ங். உள்ளே தவறி வெறும் பதினாறில் விழுந்தது. டபுள் எட்டு. வீய்ய்ங். எட்டு. அடுத்த முறை வந்து எறிந்தான்: நாலு. பிறகு ரெண்டு. பாதி பாதியாகத் தேய்ந்து, ரெண்டு பாக்கி, டபுள் ஒன்று. இதற்கு எங்கள் ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'பைத்தியக்கார வீடு'. அதற்குக் கீழே எண் இல்லை. உள்ளே போனவன் டபுளை அடித்துத்தான் வெளியே வரவேண்டும்.

டச்சுக்காரன் பக்கம் நாற்பது பாக்கி. அவன் அடுத்த முறை வந்தால் ஆட்டம் தீர்ந்தது என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

நெவில் எறிய நின்றான். எறியாமல் என்னிடம் வந்தான். அவன் முகம் சுடாத களிமண் நிறத்தில் இருந்தது.

"மச்சான்."

"சொல்லு."

"பாக்கி இருக்கறது நீ ஒருத்தன்தான்."

"நெவிலு, நான் உன் அக்கா புருஷன்டா!"

"அதான் யோசிக்கிறேன். கல்யாணத்தன்னைக்கு அக்காவை நீ விசிலடிச்சுத்தானே கூப்பிட்டே?"

நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அதையும் மனசுக்குள் எடுத்து வைத்திருக்கிறான். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். "நான் போறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். நான் போனதுக்கப்புறமும் விசில் வந்தா, ஸ்டோக் வரைக்கும் நீ நடந்தேதான் வரணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், கதவு இடுக்கில் ஒரு கண்ணை வைத்தேன்.

முதல் அம்பு. வீய்ய்ங். வளையத்துக்கு வெளியே.

இரண்டாவது. வீய்ய்ங். வெளியே.

மண்டபம் முழுக்கக் காலி. ஈ, எறும்பு இல்லை. நெவில் மெதுவாக நடுவரிடம் திரும்பினான். "ராய்ஸ்டன் ஐயா, சத்தம் எங்கேயிருந்து வருது?"

ராய்ஸ்டன் தொண்டையைச் செருமினார். "எவ்வளவு பாக்கின்னு கேட்டா சொல்லலாம். ரெண்டு. அதுக்கு மேல ஆட்டக்காரருக்கு யோசனை சொல்ல விதி இடம் தராது."

"அப்போ உங்களுக்குத் தெரியும்?"

"முதல் செட்டிலேர்ந்து தெரியும். ரெண்டு பாக்கி."

அப்போதுதான் அந்த டச்சுக்காரன் மிட்டாயை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தான். "டாஃப்ட் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அது உங்க பல்லு."

நான் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சியில் முகம் பெரிதாகத் தெரியுமே என்று மாவிஸ்தான் போன வாரம் அவனை இழுத்துக்கொண்டு போய் மேல்வரிசைப் பல்செட் கட்டிவிட்டாள். டபுளுக்கு எறியும்போது அவன் மூச்சை அடக்குவான். அம்பை விடும்போது மூச்சையும் விடுவான். புதுப் பல்லுக்கும் பழைய ஈறுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி.

நெவில் நம்பினானா? அவனா நம்புவான். இடுப்பில் கையை வைத்தான்.

"நான் பல்லைக் கழட்டணும். பொக்கைவாயோட நிக்கணும். உலகமே பாத்துச் சிரிக்கும், என் கை நடுங்கும், நீ ஜெயிப்பே. அதானே திட்டம்?"

"பாக்கறதுக்கு யாரு இருக்கா? எல்லாரையும் நீங்கதான் அனுப்பிட்டீங்களே."

"கேமரா இருக்கே."

"கேமராக்காரங்களையும் மூணாவது செட்டுல அனுப்பிட்டீங்க, அண்ணே."

நெவில் அண்ணாந்து பார்த்தான். உண்மைதான். கேமரா எல்லாம் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் சிரிக்கிற டச்சுக்காரன். இன்னொரு பக்கம் சூளையில் வெந்த அந்தக் கோப்பையும் மேஸ்திரியும். எதை நம்புவது? வாயை இறுக்க மூடிக்கொண்டு, அம்பில்லாத கையால் எறிகிற மாதிரி பாவனை செய்து பார்த்தான். சத்தம் இல்லை. வாயைத் திறந்து செய்தான். வீய்ய்ங்.

"இது எவ்வளவு நேரமா உனக்குத் தெரியும்?"

"ரெண்டாவது செட்டிலேர்ந்து. நீங்க என்னைப் பாத்த பார்வையில சொல்லப் பயமா இருந்துச்சு."

நெவில் பல்செட்டைக் கழற்றினான். மேஜை மேல் வைக்கவில்லை. மேஜையை அவன் நம்பவில்லை. எதிராளியின் உள்ளங்கையில் வைத்தான். "புழி" என்றான். பிடி என்று அர்த்தம். அந்த நெடிய மனிதன் அதை ஏதோ குருவிக் குஞ்சு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

நெவில் கையை உயர்த்தினான். மூச்சை அடக்கினான். விட்டான். அந்த அரண்மனை கட்டிய நாளிலிருந்து அங்கே அப்படி ஓர் அமைதி இருந்திருக்காது. 'டக்'கென்று அம்பு டபுள் ஒன்றின் நட்டநடுவில் இறங்கிய சத்தம் மூடிய கதவைத் தாண்டி என் காதில் கணீரென்று விழுந்தது.

ராய்ஸ்டன், கேட்க ஒருவரும் இல்லாவிட்டாலும், முறைப்படி மூவாயிரம் பேருக்கும் கேட்கிற குரலில் அறிவித்தார். அட்டை தங்கியது. கோப்பை இன்றுவரை கழுவப்படாமல் மேஸ்திரி அறையில் இருக்கிறது.

வெளியே மழையில் மூவாயிரம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வாத்துகள் ஒரு பக்கம், கன்னியாஸ்திரிகள் ஒரு பக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஊருக்கு வருகிற ரயிலில், ஸ்டாஃபோர்டு தாண்டியதும் நெவில் என் பக்கம் திரும்பினான். அப்புறம் சொன்னான்:

"மச்சான், ஒரு டச்சுக்காரன் எதுக்கு உண்மையைச் சொல்லணும்? இதுல என்னமோ இருக்கு."

அந்த விசிலை நான் முப்பத்தேழு தடவை எண்ணினேன். அதன் சுருதியைக்கூட இன்றைக்கும் பாடிக் காட்டுவேன்.

பதினோரு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததிலிருந்து எனக்கு இரண்டு காதும் கேட்காது.