பெரியப்பாவும் தையல்சிட்டும்

காலையில் வேலைக்கு வந்தவள் கண்ணில் முதலில் பட்டது உடும்புக் கூண்டின் கதவு. ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே உடும்பைக் காணவில்லை.

அந்த விலங்குக் காப்பகத்தில் அதற்குப் 'பெரியப்பா' என்று பெயர். தின்பதும் தூங்குவதும் தவிர வேறு சோலி இல்லாத ஐந்து கிலோ உடம்பு. நேற்று மாலை அவள் கூண்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் போனில் கூப்பிட்டாள். பேசிக்கொண்டே வெளியே வந்தவள் கொண்டியைப் போட்டாளா? எவ்வளவு யோசித்தும் போட்ட ஞாபகம் வரவில்லை.

பக்கத்து அறைக்குக் கதவு கிடையாது, வலைத்திரைதான். அங்கே தையல்சிட்டு மூன்று குஞ்சு பொரித்து மூன்று நாள் ஆகிறது. தொட்டிச் செடியில் இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்த கூடு, முழங்கால் உயரம்தான்.

திரை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. உள்ளே கூட்டுக்கு நேர் கீழே, சூடு விளக்கின் வெளிச்சத்தில், பெரியப்பா நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். தாய்ச்சிட்டு அவர் மூக்குக்கு முன்னால் குதித்துக் குதித்துக் கத்தியது. கட்டைவிரல் அளவு உடம்பில் அத்தனை சத்தம்!

அவள் போட்ட கூச்சலில் காப்பகத்தின் டாக்டரம்மா ஓடி வந்தாள்.

"நேத்து இவருக்குத் தின்ன என்னக்கா போட்டீங்க?"

"நாலு எலி."

"அப்ப வயிறு ரொம்பியிருக்கு. குளிர் தாங்காம சூட்டைத் தேடி வந்திருக்காரு. இந்தச் சிட்டு அரை நாள் பட்டினி கிடந்தாலே செத்துடும். அவரு ஒரு வாரம் சாப்பிடாம இருப்பாரு."

"குஞ்சுங்களைப் பாருங்க டாக்டர், எனக்குத் தைரியம் இல்ல."

டாக்டரம்மா இலையை மெல்ல விலக்கினாள். ஒரு வாய் திறந்தது. இன்னொன்று. பிறகு ஒன்றும் இல்லை. கடைசியில் அடியில் அமுங்கிக் கிடந்த மூன்றாவது, அண்ணன்மாரைத் தள்ளிக்கொண்டு வாயைப் பிளந்தது.

"மூணும் இருக்குக்கா!"

இரண்டு பேருமாகப் பெரியப்பாவைத் தலையும் வாலுமாகத் தூக்கிப்போய்க் கூண்டில் விட்டார்கள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

"கொண்டி போடாதது நான்தான் டாக்டர்," என்றாள் அவள்.

"தெரியும். இனிமே பூட்டு போட்டுடலாம்."

திட்டு விழும் என்று நின்றவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று பார்த்தால், சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது.

தாய்ச்சிட்டு அதற்குள் ஒரு புழுவோடு திரும்பியிருந்தது.