விளக்குக் கம்பத்துக்கு ஒரு பச்சைச் சட்டை

இதற்குள் அல்லாஹ்வை இழுக்க எனக்குப் பயம். ஆகவே என் வெள்ளைத் தாடியைப் பிடித்துச் சத்தியம் செய்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மருதமுனையில் எங்கள் ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் இடத்தில் ஒரு மின்கம்பம். அதன் விளக்கு எரிந்து கண்டவர் யாருமில்லை. முறைப்பாடு சொல்லிச் சொல்லி என் செருப்புத்தான் தேய்ந்தது. அப்போதுதான் பேத்தி றிபா கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். வெளிநாட்டில் கோபம் வந்தவர்கள் கல் எறிவதில்லையாம். மரத்துக்கும் கம்பத்துக்கும் நூலால் சட்டை பின்னிப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்களாம்.

எனக்கும் கோபம் இருந்தது. நூல்தான் இல்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்பிறாவின் தறிக்கொட்டிலில், இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்யச் சாயம் போட்ட பச்சை நூல் தொங்கியது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எடுத்தேன். இரவிரவாகப் பின்னி, விடியச் சுபஹ் தொழுகைக்கு ஆட்கள் வருமுன் கம்பத்துக்கு அடி முதல் கழுத்து வரை சட்டை போட்டுவிட்டேன்.

பிழை நிறத்தில் இருந்தது. பச்சை போர்த்திய எதைக் கண்டாலும் எங்கள் ஆட்களுக்கு அடக்கமாகியிருக்கும் இறைநேசர், அவுலியாவின் நினைப்புத்தான் வரும். மத்தியான லுஹர் தொழுகைக்குள் சந்தனக்குச்சி புகைந்தது. எங்கள் ஒழுங்கை அச்சிமுகம்மது ஒரு பெரிய கிடாரம் நேர்ச்சைக் கஞ்சி காய்ச்சிப் பங்கிட்டான். எல்லாரும் பணிவாகத் தலை குனிந்து நின்றதால், அது யாருடைய நூல் என்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முஸ்பிறாவும்தான்.

"அவுலியாவே, என்ட நூல எடுத்த கள்ளனக் காட்டித் தாங்க," என்று அழுதாள். "வேற ஆரு, எங்கட ஊட்டு மாப்பிள்ளதான் வித்திரிக்கணும்."

எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் குடியிருப்பான். மாமியாரின் முகம் கறுத்தால் அவனுக்குக் கால் வைக்க இடமில்லை. அந்த வீட்டு மாப்பிள்ளை முபீன் அதிர்ந்து கதைக்காத பிள்ளை; பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பத்தடியில் பஸ்ஸுக்கு வந்து நின்றான்.

"எங்க மகன் பயணம்?"

"அட்டாளச்சேனைக்கு, உம்மாட்ட. இனி இஞ்ச வரமாட்டன் மாமா. நஜ்லாவையும் புள்ளையையும் பாத்துக்கங்க."

அவன் மனைவி நஜ்லா, கைப்பிள்ளையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.  உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கம்பத்திலிருந்து தொங்கிய சட்டையின் நூல் நுனியை மெதுவாக அவன் பைக் கொக்கியில் மாட்டிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பஸ் வெளிக்கிட்டது. கம்பம் கழுத்திலிருந்து அவிழ்ந்தது. கல்முனைக் கடைத்தெரு, சாய்ந்தமருது, காரைதீவு என்று பச்சை நூல் ஓடியது. நிந்தவூரில் யாரோ அதில் உடுப்புக் காயப்போட்டார்களாம். அட்டாளைச்சேனையில் இறங்கிய முபீன் பையில் இழுவை கண்டு, நூலைச் சுற்றிக்கொண்டே திரும்பி நடந்தான். மறுநாள் மத்தியானம் பூசணிக்காய் அளவு உருண்டையொன்றை மாமியாரின் காலடியில் வைத்தான்.

"பாத்தீங்களா! கள்ளன நூலோட கொண்டு வந்திட்டார் அவுலியா!" என்று முஸ்பிறா கத்தினாள்.

அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. "முஸ்பிறா, எடுத்தது நான். சட்ட போட்டதும் நான்தான். அவன் பாவம்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சும்மா இரிங்க காக்கா! ஒங்கட புளுகுக் கத எங்களுக்குத் தெரியாதா?" முபீனிடம் திரும்பினாள். "காக்காவே களவத் தன்ட தலையில போட்டு ஒங்களுக்காகப் பொய் சொல்றாரெண்டா, நான்தான் பிழையா நெனச்சிட்டன். உள்ளுக்கு வாங்க மகன், சோறு ஆறுது."

முபீன் உள்ளே போனான். என் குற்றத்தை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டுத் தறிச் சத்தம் கேட்டால் நான் எழுந்து வேறு பக்கம் நடந்துவிடுவேன்.

அல்லாஹ்வை இதற்குள் இழுக்காதது நல்லதாய்ப் போயிற்று: எங்கள் ஒழுங்கைக்கு இதுவரை யாரும் மின்கம்பமே நடவில்லை.