வேலையோடு வந்த வீடு

அமெரிக்காவின் மொன்டானாவில் பண்ணையாளுக்குப் பத்திரம் எழுதும் வழக்கமில்லை. கை குலுக்கினால் முடிந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் முதலாளி ஸ்டாடர்ட், பண்ணையாள் வெர்லிடம் சொன்னது இவ்வளவுதான்: "சம்பளம் கொஞ்சம் கம்மிதான். ஆனா வீடு உண்டு, நல்ல வீடு."

போன வசந்தத்தில் குதிரை மேலே சாய்ந்து வெர்லின் இடுப்பு நொறுங்கியது. வேலை போனது, கூடவே வீடும் போனது. இப்போது அவனும் மனைவி ஆர்லிஸும் நகரத்தில் சக்கரம் வைத்த ஒரு வாடகை டிரெய்லர் வீட்டில் கிடக்கிறார்கள். வேலையில் அடிபட்டதற்கான இழப்பீட்டைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அந்த வீட்டையும் சம்பளத்தில் சேர்த்தால் டிரெய்லருக்கு வாடகை கட்டலாம். இல்லையென்றால் ஆர்லிஸின் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

இழப்பீட்டு வழக்கில், வீடும் சம்பளம்தான் என்று நீதிபதி அம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டார். அது மாதம் எவ்வளவு பெறும் என்பதில்தான் இழுபறி. இழப்பீடு கூடினால் தன் காப்பீட்டுத் தவணை ஏறிவிடுமே என்று ஸ்டாடர்ட் நேரிலேயே வந்திருந்தார்.

"அதெல்லாம் ஒரு வீடாம்மா? கூரை ஒழுகும், ஜன்னல்ல காத்து வரும், எலித் தொல்லை வேற. சும்மா குடுத்தாலும் யாரும் வர மாட்டாங்க."

இதையே வருடா வருடம் சொல்லி வெர்லுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அப்போதெல்லாம் "உனக்கென்னப்பா கொறச்சல்" என்றவர் இந்த மனிதர்தான்.

"கூரை ஒழுகுதா?" என்று நீதிபதி வெர்லிடம் கேட்டார்.

"ஒழுகுச்சும்மா. ஆறு வருஷம் சொல்லிப் பாத்துட்டு, என் காசுல நானே தகரம் மாத்தினேன். ஜன்னல் இடுக்கை என் வீட்டுக்காரி அடைச்சா. இப்ப ஒழுகாது."

நீதிபதி ஸ்டாடர்ட் பக்கம் திரும்பினார். "இப்ப அங்க யாரு இருக்காங்க?"

"புது ஆளு."

"அவருகிட்ட என்ன சொல்லி வேலைக்கு எடுத்தீங்க?"

ஸ்டாடர்ட் தொப்பியை மடியில் இரண்டு சுற்று சுற்றினார். "நல்ல வீடுன்னு."

வீட்டின் மதிப்பு மாதம் அறுநூற்றைம்பது டாலர் என்று தீர்ப்பானது. வாடகைக்குப் போதும். வெர்லுக்குச் சந்தோஷம் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

வெளியே ஸ்டாடர்ட் பின்னாலேயே வந்தார். "கோவிச்சுக்காத, வெர்ல். புது ஆளுக்கு அந்த வீட்டு விறகடுப்பு பிடிபடவே மாட்டேங்குது. வீடெல்லாம் புகை. நீ எப்பிடிப்பா பத்தவெப்ப?"

கோபப்படக்கூட வெர்லுக்குத் தெம்பில்லை. "புகைபோக்கி மூடியைப் பாதி தெறக்கச் சொல்லுங்க. மொதல்ல சின்னச் சுள்ளியா அடுக்கி..." பழக்கதோஷம், சொல்லிக்கொண்டே போனான்.

ஆர்லிஸ் வண்டிக் கதவைத் திறந்து பிடித்திருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போதும், ஏறுங்க. அது நம்ம அடுப்பு இல்ல."