பேர் கூப்பிடும் நேரம்

சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் போதும், அம்மாவுக்கு அது பள்ளிக்கூட மணி. கட்டிலிலிருந்து இறங்கி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேர் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள்.

"லூயிஸ்!"

"உள்ளேன் டீச்சர்."

"சிவந்தி!"

"உள்ளேன் டீச்சர்."

எல்லாப் பேருக்கும் நானேதான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விடமாட்டாள். ராயபுரத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தே தலை நரைத்தவள் சிலுவையம்மாள் டீச்சர். படகடியில் ஒளிந்துகொண்ட பிள்ளைகளைக் காதைத் திருகிக் கூட்டிவந்து படிக்க வைத்தவள். எண்பதைத் தாண்டியதும் எல்லாம் மறந்துவிட்டது. சாப்பிட்டது மறக்கும், அப்பா செத்தது மறக்கும். அந்தப் பேர்கள் மட்டும் வரிசை தப்பாமல் வரும்.

நான் அவளுக்கு ஒரே மகள், ஐரீன். அடுப்பில் உலை கொதிக்கும், தையல் மெஷினில் யாருடைய ஜாக்கெட்டோ பாதியில் நிற்கும். நான் லட்சுமணனுக்காகக் கத்திக்கொண்டிருப்பேன். அந்த லட்சுமணன் கடலுக்குப் போனவன், திரும்பவே இல்லை. அவன்கூட ஆஜர். என் பேர் மட்டும் வராது.

சின்ன வயதிலும் இதே கதைதான். "டீச்சர் தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுறாங்கன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது" என்று என்னைப் பக்கத்துப் பிரிவில் தள்ளினாள். நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் அவள் பேர் கூப்பிடுவாள், இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவையாவது வகுப்பில் அவள் வாயால் என் பேர் வரவேண்டும் என்று ஆசை. தலை நரைத்த பிறகும் அந்த ஆசை போகவில்லை என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன! வீட்டில் கூப்பிட்டாளே என்றால், இப்போது அதுவும் இல்லை. என்னைப் பள்ளிக்கூட ஆயா என்று நினைத்து, "ஏம்மா, தண்ணி கொண்டா" என்பாள்.

"இன்னாக்கா, டீச்சர் இன்னிக்கும் கிளாஸ் எடுத்துகினு கீறாங்களா?" என்று பக்கத்து வீட்டு ஜஹானாரா எட்டிப் பார்ப்பாள்.

"நீ வந்து ஆஜர் சொல்லிப் பாருடி, அப்போ தெரியும்!"

நான் எரிந்து விழுந்தாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளை விட்டால் என்னிடம் பேசவும் ஆள் கிடையாது.

தவக்காலத்தில் ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாப் பேரும் முடிந்ததும் கேட்டேவிட்டேன்.

"ஐரீன்னு ஒருத்தி இருக்காளே டீச்சர், அவளை ஏன் கூப்பிடல?"

அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஐரீனா? அவ லீவு. அவங்கம்மாவுக்கு முடியல. வேற யாரு இருக்கா, பாவம். அவதான் கூட இருந்து பாத்துக்குறா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நல்ல பொண்ணு. திரும்பி வந்ததும் முன்பெஞ்சுல, என் பக்கத்துல உக்கார வெக்கணும்."

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஈஸ்டருக்கு முன்பே அம்மா போய்விட்டாள். தெருவே திரண்டு வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லூயிஸ், பேரன் பேத்தி எடுத்தவன், பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்தான். "டீச்சர் எனுக்கு அம்மா மாரி" என்று மார்பில் அடித்துக்கொண்டான். அங்கிருந்த எல்லோருக்கும் அவள் அம்மா மாதிரிதானாம். அப்போ நான் யாரு? வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். மண் போட்டு முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் ஜஹானாரா குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, "துன்னுக்கா" என்று சொல்லிப் போனாள். நான் தொடவில்லை. வீட்டில் மெஷினும் கட்டிலும் அந்த நாற்காலியும்தான்.

சங்கு ஊதியது. பழக்கத்தில் எழுந்துவிட்டேன். பார்த்துக்கொள்ள இனி எனக்கு அம்மா இல்லை, லீவும் முடிந்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே சொன்னேன்.

"உள்ளேன் டீச்சர்."