பசி என்று நான் சொன்ன மீன்கள்

1

இந்தக் கதை ஒரு திலாப்பியா மீனின் செவுளிலிருந்து வந்தது. ஆரையம்பதியில், வாவிக்கரையோரம், என் வீட்டுக்கு அடுத்த வளவில் கேதீஸ்வரிக்கு ஒரு மீன் குளம். குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்து திரும்பியவள். இனி மகளை விட்டுப் போகக்கூடாது என்றுதான் அந்தக் குளத்தை வெட்டினாள். போன கிழமை செத்த மீனொன்றின் செவுளைத் திறந்து எனக்குக் காட்டினாள். சிவந்திருக்க வேண்டியது தேத்தண்ணிச் சாயமாக இருந்தது.

2

முதல் தொடக்கம் இப்படி: "காத்தான்குடி மீன்தீன் வியாபாரி ஷாமில், காசாசை பிடித்து, பழுதான தீனை அவள் தலையில்..."

நிறுத்திவிட்டேன். நல்ல வாக்கியம்தான், நான் எழுதினால் சோடை போகாது. ஆனால் பச்சைப் பொய். (அழிக்கவில்லை. என் யோக்கியதை உங்களுக்கும் தெரியட்டும்.)

3

நடந்தது இதுதான். மாரி வெள்ளத்தில் வாவியின் உப்பே குறைந்து போயிருந்தது; குளத்துக்கும் அந்தத் தண்ணீர்தான். கேதீஸ்வரியின் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன.

"அண்ணன், ஏன் இதுகள் இப்பிடிச் செய்யுது?"

"பசி கா. இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடு."

சொன்னது நான். மீன் வளர்ப்பில் எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

மூன்று நாள் அள்ளிப் போட்டாள். தின்னாத தீன் அடியில் அழுகியது. நாலாம் நாள் நாற்பது மீன் செத்து மிதந்தன. பசியென்று தீன் போட்ட கதையைக் கேட்டு ஷாமில் சோதனைக் குப்பியோடு ஓடி வந்தார். மருந்துத் துளி விட்டதும் குப்பியில் அள்ளிய குளத்துத் தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது.

"தங்கச்சி, முதல்ல தீனை நிப்பாட்டுங்க. அது அழுகித் தண்ணிக்குள்ள நைத்திரைற்று நஞ்சு ஏறிட்டு. அது சேர்ந்தா ரத்தம் தேத்தண்ணி நிறமாகும், மீனுக்கு மூச்சு எடுபடாது, அதான் வாயைப் பிளக்குது. பாதித் தண்ணிய மாத்துங்க, கல்லுப்பக் கரைச்சு விடுங்க, உப்பு அந்த நஞ்சை மறிக்கும். பசியெண்டு ஆரு சொன்ன?"

கேதீஸ்வரி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

(தீன் விற்கிறவரே தீனை நிறுத்தச் சொல்கிறார். என் வில்லன் போய்ச் சேர்ந்தான்.)

4

இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் செவுள்கள் சிவக்கின்றன, மகள் கைதட்டுகிறாள். மற்றதில் கேதீஸ்வரி அலுமாரியைத் திறந்து கடவுச்சீட்டை...

முடிக்க மனம் வரவில்லை.

இன்று காலை உப்புச் சாக்கைப் பிரித்தபடி கேட்டாள்: "மிச்சம் பிழைக்குமா அண்ணன்?"

"பிழைக்கும் கா" என்று சொல்ல வாயெடுத்தேன். பசி என்று சொன்ன அதே வாய். மூடிக்கொண்டு சாக்கின் ஒரு முனையைப் பிடித்தேன்.

வாசகரே, நீங்களும் எதுவும் சொல்லிவிடாதீர்கள். மறு முனையைப் பிடியுங்கள், சாக்கு பாரமாக இருக்கிறது.